வினைமுற்றிலிருந்து தொடங்குங்கள்: பட்டப்படிப்புக்குக் கற்றல் விளைவுகள் எழுதும் முறை

"பி.ஓ., பி.எஸ்.ஓ., சி.ஓ. எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுங்கள்" என்று துறைத்தலைவர் ஒரு கோப்பை உங்கள் கையில் தந்திருக்கிறார். நீங்கள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஆரல்வாய்மொழியிலோ பாடம் நடத்துகிறவர். இன்டர்னல் விடைத்தாள் ஒரு கட்டு திருத்தாமல் கிடக்கிறது. இந்த நெருக்கடியில் கை தானாகப் போகும் இடம் வேறொரு கல்லூரியின் பட்டியல்.

நானும் அப்படித்தான் செய்தேன். முதன்முதலாக இந்த வேலை என்னிடம் வந்தபோது, வேறொரு மாநிலத்துக் கல்லூரியின் பட்டியலை எடுத்து, படிப்பின் பெயரை மட்டும் மாற்றி வைத்தேன். கல்லூரிகளை மதிப்பிட வரும் நாக் குழுவில் வந்திருந்த பேராசிரியர் மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இதைப் பிள்ளைகள் எந்தத் தாளில் செய்து காட்டுகிறார்கள்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்படி ஒவ்வொரு வரியையும் எழுதும் முறை இந்த இயலில் இருக்கிறது. இதை முடிக்கும்போது உங்கள் படிப்புக்கு ஐந்திலிருந்து எட்டு வாக்கியங்கள் கையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அலமாரியில் ஒரு சான்றும் இருக்கும்.

மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை

- பல்கலைக்கழகப் பாடத்திட்டம், ஆறு செமஸ்டருக்கும். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால், தாளுக்கான சி.ஓ.க்கள் அதிலேயே அச்சாகியிருக்கும்.
- கடந்த இரண்டு ஆண்டு இன்டர்னல் வினாத்தாள்கள்.
- பிள்ளைகள் எழுதியவை: ஒப்படைப்பு, ஆய்வகப் பதிவேடு, மூன்றாம் ஆண்டு புராஜெக்ட். குறைந்தது பதினைந்து.
- கத்தரித்த துண்டுச் சீட்டுகள், பேனா.
- இன்னொரு ஆசிரியர். தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள்.

கணினியை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். திறந்தால் ஒட்டுகிற வேலை தொடங்கிவிடும்.

இவ்வளவு கோட்பாடு போதும்

மூன்று அடுக்கு உண்டு. பட்டம் பெறுகிற எந்த மாணவருக்கும் பொதுவானது பி.ஓ. உங்கள் துறைப் படிப்புக்கே உரியது பி.எஸ்.ஓ. ஒரு தாளுக்குரியது சி.ஓ. இந்த இயல் நடு அடுக்கைப் பற்றியது. துறையின் கையில் முழுமையாக இருப்பது அதுதான். அங்கேதான் ஒட்டு வேலையும் அதிகம் நடக்கிறது.

பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வெளியிட்ட வகைப்பாடும், 2001இல் அது திருத்தப்பட்ட வடிவமும்தான் நம் வினாத்தாள்களில் கே-1 முதல் கே-6 வரை நிற்கின்றன: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல். பொறியியல் கல்லூரிகளில் இந்தப் பேச்சு முன்பே வேகம் பிடித்தது. 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினராவதற்கு முன்பே, தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் கற்றல் விளைவுகளை மையமாக்கியிருந்தது. கலை அறிவியல் கல்லூரிகளில் 2017இல் திருத்தப்பட்ட நாக் கட்டமைப்பு அதைக் கட்டாயமாக்கியது. அதன் 2.6ஆம் பகுதி, விளைவுகளை எழுதி வெளியிட்டீர்களா, அவை எட்டப்பட்டனவா என்று கேட்கிறது.

இனி வேலை.

படி 1: சான்றிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பதினைந்து ஒப்படைப்புகளையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: நன்று, நடுத்தரம், போதாது. மதிப்பெண்ணைப் பார்க்காமல், படித்துப் பார்த்துப் பிரியுங்கள். பிறகு பக்கத்து ஆசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "முதல் குவியலில் இருக்கிற பிள்ளை, மூன்றாம் குவியலில் இருக்கிற பிள்ளை செய்யாத எதைச் செய்திருக்கிறாள்?"

பதில் வந்தவுடன் துண்டுச் சீட்டில் எழுதுங்கள். "மேற்கோளை இடம் சொல்லிக் காட்டியிருக்கிறாள்." "அளவீட்டை மூன்று முறை எடுத்திருக்கிறாள்." "இரண்டு மூலங்கள் முரண்படுவதைக் கவனித்திருக்கிறாள்." உங்கள் படிப்பு உண்மையில் எதைக் கற்பிக்கிறது என்பது இந்தச் சீட்டுகளில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இருபது சீட்டு தேறும்.

பாடத்திட்டத்தின் அலகுத் தலைப்புகளிலிருந்து தொடங்குவது பரவலான பழக்கம். அப்படித் தொடங்கினால் "அலகு 3ஐ அறிந்துகொள்வர்" என்ற வரிதான் வரும். அலகு நீங்கள் நடத்துவது. விளைவு பிள்ளை செய்வது.

படி 2: வினைமுற்றை முதலில் எழுதுங்கள்

தமிழில் வினை கடைசியில் வருகிறது. நீளமான வாக்கியத்தில் நல்ல சொற்களாகக் கோத்துக்கொண்டே போய், கடைசியில் "அறிவர்" என்று முடித்துவிட்டால் படிக்கிறவருக்கு உறுத்தாது, எழுதியவருக்கும் உறுத்தாது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். சீட்டின் வலது ஓரத்தில் வினைமுற்றை மட்டும் எழுதிவிட்டு, இடப்பக்கத்தைப் பிறகு நிரப்புங்கள்.

ஒதுக்க வேண்டிய வினைகள்: அறிவர், உணர்வர், புரிந்துகொள்வர், பாராட்டுவர், விழிப்புணர்வு பெறுவர், ஆர்வம் கொள்வர், ஆளுமை வளர்த்துக்கொள்வர். இவையெல்லாம் நல்ல ஆசைகள். ஆனால் ஒரு பிள்ளை உணர்ந்தாளா என்பதை அவள் செய்கிற வேறு ஒன்றிலிருந்துதான் நீங்கள் கண்டுகொள்கிறீர்கள். அந்த வேறு ஒன்றையே எழுதுங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: பட்டியலிடுவார், வேறுபடுத்துவார், கணக்கிடுவார், வரைவார், பெயர்த்தெழுதுவார், பிழைதிருத்துவார், நிறுவுவார், ஒப்பிடுவார், பரிந்துரைப்பார், வடிவமைப்பார்.

*எச்சரிக்கை.* வினையை வைத்து மட்டும் கே-நிலையை முடிவுசெய்யாதீர்கள். நம் தமிழ் வினாத்தாள்களில் "ஆராய்க" என்று முடிகிற கேள்விகளைப் பாருங்கள். வகுப்பில் எழுதிப்போட்ட குறிப்பை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் என்றால், அது கே-4 இல்லை, கே-1தான். "விளக்குக" என்பதற்குள் ஆறு நிலையும் ஒளிந்துகொள்ளும். பிள்ளை அதற்குமுன் பார்த்திராத பொருளைக் கொடுத்திருக்கிறீர்களா என்பதுதான் நிலையைத் தீர்மானிக்கும். வகுப்பில் நடத்தாத பாடல், புதிய நீர் மாதிரி, முன்பு பார்க்காத கணக்குப் புத்தகம்: இப்படி ஏதாவது புதிதாக இருந்தால்தான் கே-3க்கு மேல்.

படி 3: வினைமுற்றுக்கு முன்னால் மூன்றை நிரப்புங்கள்

எதை? எந்தச் சூழலில்? எந்த அளவுக்கு? ராபர்ட் மேகர் 1962இலேயே தன் சிறு நூலில் இந்த வழியைச் சொல்லிவிட்டார். இதைவிட எளிய கருவியை நான் பார்க்கவில்லை.

ஒரு வாக்கியத்தை மெதுவாகத் திருத்திப் பார்ப்போம். பி.ஏ. தமிழ்ப் படிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள்:

"மாணவர்கள் நாட்டார் கலைகளின் பெருமையை உணர்ந்து தமிழர் பண்பாடு குறித்த விழிப்புணர்வைப் பெறுவர்."

இதற்குச் சான்று கேட்டால் எதையும் காட்ட முடியாது. முதல் திருத்தம்:

"மாணவர் வில்லுப்பாட்டைப் பற்றி விளக்குவார்."

இது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. ஆனால் வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று கருவிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு ஒரு பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் படிக்கிற பிள்ளைக்கு இது மிகக் குறைவு. சுடலைமாடன் கோயிலிலும் இசக்கியம்மன் கோயிலிலும் கொடை நடக்கிற ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். கதை அவர்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாம் திருத்தம்:

"தன் வட்டாரத்துக் கொடை ஒன்றில் பாடப்படும் வில்லுப்பாட்டின் 20 நிமிடப் பகுதியைக் கலைஞரின் ஒப்புதலோடு பதிவுசெய்து, பேச்சு வழக்கு மாறாமல் எழுத்தில் பெயர்த்து, அக்கதையின் அச்சு வடிவம் ஒன்றோடு ஒப்பிட்டு, குறைந்தது ஐந்து வேறுபாடுகளைச் சான்றுகாட்டி எழுதுவார்."

"ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை என்பார்களே, இதில் நான்கு இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இலக்கணத்தைத் துணைக்கு அழையுங்கள். பதிவுசெய்து, பெயர்த்து, ஒப்பிட்டு: மூன்றும் வினையெச்சங்கள். வினைமுற்று "எழுதுவார்" ஒன்றே. எச்சங்கள் ஒரே வேலையின் அடுத்தடுத்த கட்டங்களாக இருந்தால் வரலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகளை "மற்றும்" போட்டு இணைத்தால்தான் தவறு. "கல்வெட்டுகளைப் படிப்பர் மற்றும் குழுவாகச் செயல்படுவர்" என்பதில் ஒரு பிள்ளை முதலாவதைச் செய்து இரண்டாவதைச் செய்யாவிட்டால், எட்டினாளா இல்லையா? விடை இல்லை. பிரித்து எழுதுங்கள்.

இந்த எச்சங்கள் படி 5இல் மறுபடியும் பயன்படும்.

மற்றத் துறையினருக்குச் சில மாதிரிகள்

*வேதியியல்.* "நீர் மாசு பற்றி அறிவர்" என்பதற்குப் பதிலாக: "தரப்பட்ட கிணற்று நீர் மாதிரியின் மொத்தக் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தல் முறையில் அளந்து, மூன்று அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துவர, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டு, அந்நீர் குடிக்க ஏற்றதா என்பதை இந்தியத் தரநிலை 10500ஐக் கொண்டு தீர்மானிப்பார்." அந்தத் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு 200 மி.கி., வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் உச்சம் 600 மி.கி. குளச்சல் பக்கத்துப் பிள்ளை தன் வீட்டுக் கிணற்று நீரையே கொண்டுவரலாம்.

*வரலாறு.* கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தில் இருந்தது. பழைய நிலப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டே இருக்கும். ஆகவே: "கொல்லம் ஆண்டில் தேதியிட்ட ஐந்து ஆவணங்களின் காலத்தைத் துணைநூல் இன்றிக் கி.பி. ஆண்டுக்குப் பிழையில்லாமல் மாற்றுவார்." ஆவணி தொடங்கி டிசம்பர் முடியும்வரை 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியும்வரை 825ஐயும் கூட்ட வேண்டும். 1132ஆம் ஆண்டு ஐப்பசி என்றால் 1956. எப்போதும் 825ஐயே கூட்டுகிற பிள்ளையை இந்த ஒரு வேலை காட்டிக்கொடுத்துவிடும். அளக்கத்தக்க விளைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான மாதிரி கிடைப்பது அரிது.

*வணிகவியல்.* "தோவாளைச் சந்தையில் பூ வாங்கி விற்கும் சிறு வியாபாரி ஒருவரின் ஒரு மாதக் குறிப்புகளிலிருந்து வியாபாரக் கணக்கும் லாப நட்டக் கணக்கும் தயாரிப்பார்." குறிப்புகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். உண்மையான வியாபாரியின் வரவு செலவைப் பிள்ளைகள் போய்க் கேட்பது அவருக்குச் சங்கடம்.

படி 4: தாளிலிருந்து படிப்புக்கு உயர்த்துங்கள்

இதுவரை எழுதியவை ஒரு தாளின் அளவில் நிற்பவை. படிப்பின் விளைவு பல தாள்களைக் கோத்து நிற்க வேண்டும். வில்லுப்பாட்டு வாக்கியத்தையே எடுங்கள். நாட்டார் வழக்காற்றியல் தாளில் பதிவு, மொழியியலில் ஒலியை எழுத்தாக்குதல், பதிப்பியலில் பாடவேறுபாடு. மூன்றும் ஒரே திறனின் முகங்கள். எனவே பி.எஸ்.ஓ. இப்படி அமையும்:

"வாய்மொழியிலோ ஏட்டிலோ அச்சிலோ கிடைக்கும் தமிழ்ப் பனுவல் ஒன்றைத் தானே திரட்டி, மூலம் சிதையாமல் படியெடுத்து, அதன் பாடவேறுபாடுகளைச் சான்றுகாட்டி விளக்குவார்."

இருபது சீட்டுகளையும் மேசையில் பரப்பி, இப்படி இனம்சேர்த்துக் குவியுங்கள். ஆறு குவியல் வந்தால் ஆறு பி.எஸ்.ஓ. பன்னிரண்டு வந்தால் இன்னும் சேர்க்கலாம். ஒற்றைச் சீட்டு தனியே நின்றால் அது தாளுக்கு உரியது, அங்கேயே விடுங்கள்.

படி 5: மதிப்பீட்டு அட்டவணை

ரூப்ரிக் என்று சொல்கிறோமே, அதுதான். படி 3இன் வினையெச்சம் ஒவ்வொன்றும் அட்டவணையில் ஒரு வரிசையாகும்; கலைஞரின் ஒப்புதலும் தனி வரிசை. நான்கு நிலைகளுக்கும் கண்ணால் பார்க்கத்தக்க விவரணை எழுதுங்கள். "சிறப்பு, நன்று, சுமார்" என்று எழுதினால் அட்டவணை இருந்தும் இல்லாததுபோல். எழுத்துப்பெயர்ப்பு வரிசை இப்படி இருக்கலாம்:

- நிலை 1: பாடியதை எழுத்துத் தமிழுக்கு மாற்றி எழுதியிருக்கிறார்.
- நிலை 2: வட்டாரச் சொற்கள் சில இடங்களில் அப்படியே உள்ளன, சில இடங்களில் மாற்றப்பட்டுள்ளன.
- நிலை 3: வட்டார வழக்கு முழுவதும் காக்கப்பட்டுள்ளது. காதில் விழாத இடங்கள் குறியிட்டுக் காட்டப்பட்டுள்ளன.
- நிலை 4: நிலை 3உடன், அகராதியில் இல்லாத சொற்களுக்குப் பாடியவரிடம் கேட்டறிந்த பொருள் தரப்பட்டுள்ளது.

நிலை 3ஐத்தான் "எட்டினார்" என்பதன் கோடாக வையுங்கள். கோட்டை முதலிலேயே முடிவுசெய்து, தேதியோடு எழுதிவைத்துவிடுங்கள். மதிப்பெண் வந்த பிறகு கோட்டை நகர்த்தக் கூடாது.

படி 6: இரண்டு சோதனைகள்

*இரு ஆசிரியர் சோதனை.* பழைய ஒப்படைப்புகள் ஐந்தை நகலெடுத்து, இரண்டு ஆசிரியர்கள் பேசிக்கொள்ளாமல் அட்டவணைப்படி நிலை போடட்டும். ஐந்தில் நான்கிலாவது ஒரே நிலை வர வேண்டும். வரவில்லையென்றால் யார் கண்டிப்பானவர் என்று வாதாடாதீர்கள். பிழை வாக்கியத்தில் இருக்கிறது. எந்தச் சொல்லை இருவரும் வேறுவேறாகப் படித்தீர்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் அது "போதுமான", "முறையான", "சிறந்த" போன்ற ஒரு பெயரெச்சமாக இருக்கும்.

*முதலாண்டுப் பிள்ளை சோதனை.* முதலாண்டு மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு வாக்கியத்தைப் படிக்கச் சொல்லி, "மூன்று வருஷம் கழித்து உன்னை என்ன செய்யச் சொல்லுவோம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லிவிட்டால் வாக்கியம் தேறியது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தால் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்திலிருந்து, விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு வகுப்புக்கு வருகிற பிள்ளையும் இதைப் படித்துப் புரிந்துகொள்ள உரிமை உள்ளவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு, தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய பலம். நான் இந்த வேலையை மதிப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

படி 7: மேப்பிங்

பி.எஸ்.ஓ.க்கள் மேலே, தாள்கள் பக்கவாட்டில். கட்டத்தில், தொடர்பின் வலிமைக்கேற்ப 3, 2, 1 அல்லது கோடு. விதி ஒன்றே: அந்தத் தாளில் அந்த விளைவைச் சோதிக்கும் வினாவையோ ஒப்படைப்பையோ காட்ட முடிந்தால் எண், இல்லையென்றால் கோடு. எல்லாக் கட்டத்திலும் 3 இருக்கிற அட்டவணை எதையும் சொல்வதில்லை. ஒரு பி.எஸ்.ஓ.வின் நெடுவரிசை முழுக்கக் கோடாக இருந்தால், அதை எந்தத் தாளும் கற்பிக்கவில்லை. ஒரு தாளில் ஒப்படைப்பைச் சேருங்கள், அல்லது அந்த பி.எஸ்.ஓ.வை எடுத்துவிடுங்கள்.

இணைப்புக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பாடத்திட்டத்தில் அச்சான சி.ஓ.வை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை. பல்கலைக்கழகத் தேர்விலிருந்து மொத்த மதிப்பெண்தான் கைக்கு வரும், வினாவாரியாக வராது. உங்களுக்கென்று இருப்பது 25 மதிப்பெண் இன்டர்னலும் புராஜெக்டும். அந்த 25ஐச் சின்னதாக நினைக்க வேண்டாம். ஒரு பிள்ளை தன் கையால் செய்து காட்டுகிற வேலை பெரும்பாலும் அதற்குள்தான் நடக்கிறது.

படி 8: எட்டினார்களா என்ற கணக்கு

எடுத்துக்காட்டுக்கு 48 பேர் வகுப்பு. இலக்கு: 70 விழுக்காட்டினர் நிலை 3ஐ எட்ட வேண்டும். வில்லுப்பாட்டு ஒப்படைப்பில் ஒவ்வொரு வரிசையிலும் நிலை 3ஐ எட்டியவர்கள்:

- ஒப்புதல் பெறுதல்: 48 பேர், 100 விழுக்காடு
- பதிவு: 44 பேர், 91.7 விழுக்காடு
- எழுத்துப்பெயர்ப்பு: 27 பேர், 56.3 விழுக்காடு
- ஒப்பீடு: 21 பேர், 43.8 விழுக்காடு

நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 72.9 விழுக்காடு. இலக்கு எட்டப்பட்டது என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒப்பிடத் தெரியவில்லை. விளைவின் உயிரே ஒப்பீட்டில்தான் இருக்கிறது. ஆகவே சராசரியை மட்டும் பதிவுசெய்யாதீர்கள். வரிசை வரிசையாக எழுதி, மிகக் குறைந்த வரிசைக்கு எதிரில் அடுத்த ஆண்டு செய்யப்போகும் ஒரே ஒரு மாற்றத்தை எழுதுங்கள். இங்கே: "மூன்றாம் செமஸ்டரிலேயே, ஒரே கதையின் இரண்டு அச்சு வடிவங்களைக் கொடுத்து வகுப்பறையில் ஒப்பீட்டுப் பயிற்சி, இரண்டு மணி நேரம்."

மாணவர் கருத்துப் படிவத்தையும் கணக்கில் சேர்ப்பது வழக்கம். சேருங்கள், சிறு பங்காக. "எனக்கு நன்றாகத் தெரியும்" என்று ஒரு பிள்ளை குறித்துத் தருவதும், செய்து காட்டுவதும் ஒன்றாகாது.

அடிக்கடி நேரும் பிழைகள்

- "வேலைவாய்ப்புப் பெறுவர்" என்று எழுதுவது. வேலை கிடைப்பது சந்தையையும் பொறுத்தது. வேலைக்குத் தேவையான எதைச் செய்யத் தெரியும் என்பதை எழுதுங்கள்.
- இல்லாத கருவியை வாக்கியத்தில் வைப்பது. நிறமாலைமானி துறையில் இல்லையென்றால், நிறமாலைமானி விளைவிலும் வரக் கூடாது.
- ஆசிரியர் செய்வதை விளைவாக எழுதுவது: "கருத்தரங்குகள் நடத்தப்படும்."
- கே-6 வர வேண்டும் என்பதற்காக "படைப்பர்" போடுவது. இளநிலைப் படிப்பில் இரண்டு விளைவு அந்த உயரத்தில் இருந்தால் போதும்.
- எளிதில் அளக்கக் கூடியதை மட்டும் வைத்துக்கொண்டு, கடினமானதைக் கைவிடுவது. எல்லாப் பிழைகளிலும் என்னை அதிகம் வருத்துவது இது. கவிதையைத் தன் கண்ணால் படிக்கிற பிள்ளையை அளப்பது கடினம்தான். அதற்காக அதை நீக்கிவிட்டு "யாப்பு வகைகளைப் பட்டியலிடுவார்" என்று போட்டால் தமிழ்த் துறையே வறண்டுபோகும். கடினமானதை அளக்க, முன்பு படித்திராத ஒரு கவிதையைக் கொடுங்கள், ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், நான்கு நிலை விவரணை எழுதுங்கள். இரு ஆசிரியர் சோதனையில் முதல் முறை தேறாது. மூன்றாம் முறை தேறும்.

பாதுகாப்பு

விளைவு எழுதுவது காகித வேலைதான். ஆனால் நீங்கள் எழுதுகிற வினைமுற்று ஒரு பிள்ளையை வெளியே அனுப்பும். கீழ்க்கண்டவற்றைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

1. கொடையில் வில்லுப்பாட்டு இரவு வெகுநேரம் நடக்கும். பெண் பிள்ளைகளுக்கும், தொலைவில் இருப்பவர்களுக்கும் பகல் நேர நிகழ்ச்சி அல்லது கலைஞர் வீட்டில் பதிவு என்ற மாற்று, வாக்கியத்தின் சூழலிலேயே இருக்கட்டும். குழுவாக, ஆசிரியரோடு, பெற்றோருக்குத் தெரிந்து போக வேண்டும்.
2. விலங்கியல், புவியியல் துறையினர் கரையோர மாதிரி சேகரிப்பை விளைவாக வைத்தால், கடலில் இறங்காமல் மீன் இறங்குதளத்திலேயே செய்யக் கூடியதாக எழுதுங்கள். முட்டம் பாறைகளில் ஏறுவது எந்த மதிப்பெண்ணுக்கும் தகாது. ஆனி, ஆடிக் கடல் கொந்தளிப்பில் கரை வேலையே வேண்டாம்.
3. 2017 ஒக்கிப் புயலில் ஆளை இழந்த வீடுகள் நம் கடற்கரை ஊர்களில் இருக்கின்றன. அவர்களிடம் பேட்டி எடுப்பதைக் கட்டாய விளைவாக வைக்காதீர்கள். உங்கள் வகுப்பிலேயே அந்த வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம்.
4. பார்வைக் குறையோ செவிக் குறையோ உள்ள மாணவர் இந்த வினைமுற்றைச் செய்ய முடியுமா? "கேட்டு எழுதுவார்" என்பதில் திறன் கேட்பதிலா, எழுத்தாக்குவதிலா என்று பிரித்துப் பாருங்கள். எழுத்தாக்குவதில்தான் என்றால் ஏட்டுப் படியையும் அனுமதியுங்கள்.
5. செலவு வைக்கும் விளைவு எழுதக் கூடாது. பஸ் கட்டணத்துக்கு மேல் எதுவும் பிள்ளையின் பையிலிருந்து போகக் கூடாது.
6. எட்டிய விழுக்காட்டை இணையதளத்தில் போடும்போது பெயரும் பதிவெண்ணும் இல்லாமல் போடுங்கள்.
7. எண்களைச் சோடித்து எழுதாதீர்கள். குழு வரும் வாரத்தில் 43.8ஐ 74 ஆக்கச் சொல்லி யாராவது கேட்டால், 43.8ஐயும் அதற்கு எதிரில் எழுதிய மாற்றத்தையும் காட்டுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்த குழு அதைத்தான் தேடி வருகிறது.

படி 9: தேதி போட்டு மூடுங்கள்

துறைக் கூட்டத்தில் வாக்கியங்களை உரக்கப் படித்து, நிறைவேற்றி, கூட்டக் குறிப்பில் தேதியோடு பதிவுசெய்து, கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.க்கு ஒரு படி கொடுங்கள். ஒவ்வொரு விளைவுக்கும் நன்று, நடுத்தரம், போதாது என்று மூன்று ஒப்படைப்புகளை, பெயரை மறைத்து நகலெடுத்து, ஒரே உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். உறையின் மேல் விளைவின் எண். ஜூனில் கல்லூரி திறந்ததும் முதல் வாரத்தில் முதலாண்டு வகுப்பில் அந்த உறைகளில் ஒன்றைப் பிரித்து, நன்று என்ற ஒப்படைப்பைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அரை மணி நேரம் அவர்களே படிக்கட்டும்.